பாட்டுக்கு நடுவே பேசுகிற இடம்

கொண்டாப்பூர், ஹைதராபாத்
19.11.2006

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வேதா எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். நாகோயாவில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியின் அடியில் நான் வைத்த ஸ்வெட்டரை இன்னும் வெளியே எடுத்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்துப் போடுங்கள்.

நீங்கள் அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. உலகமே சி.டி.க்கு மாறிவிட்டது, இந்த என்கா என்கிற சோகப் பாட்டுகளை ஜப்பான்காரர்கள் இன்னும் கேசட்டிலும் போட்டு விற்கிறார்கள் என்றால் நம்பவே முடியவில்லை. பரணில் கிடந்த டூ-இன்-ஒன்னை இறக்கித் துடைத்து வைத்தேன். ஒவ்வொரு பாட்டும் முதலில் குரலோடு ஒரு தடவை, பிறகு நாமே பாடிப் பழக வெறும் வாத்தியத்தோடு ஒரு தடவை. நல்ல ஏற்பாடு.

இந்த வருஷம் வந்த புதுப் பாட்டுகள் மூன்றையும், நீங்கள் எழுதி அனுப்பிய அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஒன்றில் மழை, துறைமுகம், பிரிவு. அடுத்ததில் பனி, ரயில் நிலையம், பிரிவு. மூன்றாவதில் சாராயக்கடை, மறுபடியும் பிரிவு. அந்த நாட்டில் யாருமே குடும்பத்தோடு சேர்ந்து இருப்பதில்லையா? ஆனாலும் அந்தக் குரல் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கி நடுங்கி இறங்குகிறதே, அது மனசை என்னவோ செய்கிறது. கேட்டுக்கொண்டே நின்றதில் ரசத்தைப் பொங்கவிட்டேன். பாப்பா பாதிப் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டாள். நன்றாக இருக்கிறதா என்று தமிழில் கேட்டால், "சாலா பாகுந்தி" என்று தெலுங்கில் பதில் சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் முடிந்து எல்லோரும் பாடப் போகிற இடத்தில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டு, உங்கள் மேனேஜர் ஹயாஷி சார் உங்கள் பெயரை வருஷக் கடைசி விருந்தின் பாட்டுப் போட்டியில் சேர்த்துவிட்டார். பாட்டையும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார், அந்தத் துறைமுகப் பாட்டு. அதில்தான் சிக்கல். நடுவில் வாத்தியம் தாழ்ந்து, கப்பல் ஏறப்போகிற கணவனிடம் அந்தப் பெண் நாலு வரி பேசுகிறாள். பாட்டாக இல்லை, பேச்சாக.

பாடும்போது உங்களுக்குத் திக்காது. கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் பாட்டில் ஒரு நாளும் திக்கியதில்லை. பேசும்போதுதான் வார்த்தை மாட்டிக்கொள்ளும். இங்கே கச்சிபௌலி ஆபீஸில் நீங்கள் செய்த வேலையைக் கான்ஃபரன்ஸ் காலில் வேறு யாரோ பேசி நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள். அங்கேயோ, புது மொழி என்பதால் குறைவாகப் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘பிறந்ததிலிருந்து இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறேன்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றைக்குத் தொண்டைக்கட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை ரொம்ப அடக்கம் என்று சந்தானம் சித்தப்பா சேலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. ‘எனக்குத் திக்குவாய். உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். உங்கள் வேலைக்கோ சம்பளத்துக்கோ நான் சரி என்று சொல்லவில்லை, அந்தக் கடிதத்துக்குச் சொன்னேன். பாடப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம், உங்களுக்கு அது வரவும் வராது.

எதிர் வீட்டு ஜுலைகா அக்கா, தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக இங்கு வந்த குடும்பம், நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "கைக்கும்மா, எதுக்கும்மா இந்த லெட்டரெல்லாம்? உன் வூட்டுக்காரரு ஒரு போன் அடிச்சா ஆகாதா?" என்று கேட்டார். நாங்கள் கடிதக்காரர்கள் என்று சொல்லிவிட்டேன். முகம் தெரியாத போனில் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். போன் செய்யுங்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
உங்கள் வேதா


கொண்டாப்பூர், ஹைதராபாத்
7.1.2007

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தலைகால் புரியாமல் வேதா எழுதுவது. ‘பாடினேன். பரிசு கொடுத்தார்கள். சாப்பாடு சுமார்.’ இப்படியும் ஒரு மனிதர் கடிதம் எழுதுவாரா? உங்களோடு அங்கே வேலை பார்க்கிற இர்பான் மட்டும் லீவில் வந்து, நேற்றுச் சாயங்காலம் மனைவி சபீனாவோடு நம் வீட்டுக்கு வந்து, விருந்தில் எடுத்த வீடியோவை லேப்டாப்பில் போட்டுக் காட்டாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

பூபாலன்-சான் என்று உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். கழுத்து டையைச் சரி செய்துகொண்டு மேடைக்குப் போனீர்கள். பாட ஆரம்பித்ததும் அந்த நடுக்கத்தை அவர்களைப் போலவே இறக்கினீர்கள். முன் வரிசையில் ஒரு வயதான அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் சபீனாவின் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன், பாவம் அவள்.

அப்புறம் அந்த இடம் வந்தது. வாத்தியம் தாழ்ந்தது. நீங்கள் வாயைத் திறந்தீர்கள், சத்தம் வரவில்லை. முதல் எழுத்து மட்டும் மூன்று தடவை, நாலு தடவை வந்தது. மேடைத் திரையில் பாட்டின் எழுத்துகள் நிறம் மாறி ஓடி, அடுத்த சரணமும் தொடங்கிவிட்டது. நீங்கள் ஓடவில்லை. சரணத்தை அது பாட்டுக்குப் போகவிட்டு, விட்ட இடத்திலிருந்தே பேசினீர்கள். சாப்பிடுங்கள், குளிரில் நிற்காதீர்கள், நான் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் அந்த நாலு வரி என்று இர்பான் சொன்னார். நான் உங்களுக்கு வாராவாரம் எழுதுவதும் அதைத்தானே.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்காவில் அழுகை வந்து தொண்டை அடைத்துப் பாடுவதுதான் உச்சமாம். வெளிநாட்டுக்காரருக்குள் இவ்வளவு உருக்கமா என்று சொல்லி முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் பரிசை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். "அண்ணி, நான் கீழேர்ந்து வேணாம் வேணாம்னு கையைக் காட்டுறேன், அண்ணன் என்னைப் பாக்கவே இல்ல" என்று இர்பான் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் மைக்கை மறுபடியும் வாங்கினீர்கள். ‘நான் அழவில்லை. எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே.’ இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலாயிற்று. நாகோயாவில் உங்களுக்கு இருந்த ஒரே நிம்மதியை அந்த ஒரு நிமிஷத்தில் நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

 ஹயாஷி சார் எழுந்து வந்து இடுப்பு வரை குனிந்தார். நீங்கள் திருப்பி நீட்டிய பரிசுக் கோப்பையை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் என்ன பாட்டு என்று மட்டும் கேட்டாராம். நீங்கள் சிரித்தீர்கள். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்பைக்காக இல்லை, அதை வீட்டில் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கைக்கு வந்த புகழை, இது என்னுடையது இல்லை என்று சபையில் திருப்பிக் கொடுத்தீர்களே, அதற்காக. காலையிலிருந்து ஜுலைகா அக்கா, இஸ்திரிக்காரர், பாப்பாவின் டீச்சர் என்று ஒருவரையும் விடவில்லை. சேலத்துக்குப் போன் போட்டு, உங்கள் மாப்பிள்ளை அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை, ஜப்பானில் மைக்கைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறார் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே இர்பான் இன்னொன்றும் சொன்னார். உங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு போன் பூத் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அதற்குள் போய் எண்ணை அழுத்துவதையும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுப் போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். எவனோ வேலையற்றவன் என்று நினைத்து இரண்டு தடவை நன்றாகத் திட்டிவிட்டு நான் வைத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

கேட்க மாட்டேன் என்று முன்பு எழுதினேன். இப்போது கேட்கிறேன். வருகிற 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து மணி, உங்களுக்கு மதியம் ஒன்றரை. அந்த நேரத்துக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எழுதி வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம், பாடவும் வேண்டாம். முதல் வார்த்தை வருகிறபோது வரட்டும். உங்களுக்குப் பதிலாக அதை நான் முடித்துக் கொடுக்க மாட்டேன். ஒன்றுமே வராமல் நீங்கள் சும்மா நின்றாலும், எதிர்முனையில் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

காத்திருக்கும்,
உங்கள் வேதா