ஆளுக்கு 212

அன்புள்ள ஆர்லோ,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. பள்ளி வாரியத் தேர்தலில் எனக்கும் டுவைட்டுக்கும் ஆளுக்கு 212 ஓட்டு. தேர்தல் அதிகாரியம்மாள் காசு சுண்டினாள், நான் ஜெயித்தேன்! டுவைட் ஜெயித்திருந்தால் நம் ஊர்ப் பள்ளியை மூடியிருப்பார்கள், ஹேட்டி நாற்பது மைல் பஸ்ஸில் போயிருப்பாள். அப்பாடா, ஒரு வாரம் கழித்து இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதிகாரியம்மாள் ஓட்டுப் போட்டவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏன்டி, உன் ஓட்டை நீ போட்டிருந்தா காசே சுண்ட வேண்டாமே!"

நாள் முழுக்கத் தெருமுனையில் நின்று ஓட்டுக் கேட்டவள், உள்ளே போய் என் ஓட்டைப் போட மறந்துவிட்டேன்.

எண்ணெய் வயலிலிருந்து உன் தபால் ஓட்டு முன்பே வந்து எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டதாம். யாருக்குப் போட்டாய் என்று கேட்க மாட்டேன். கிளம்பும்போது, "டுவைட்டுக்கே போடுவேன்" என்று நீ சொன்னதையும் நினைக்கவில்லை.

"அப்பா எப்பம்மா வருவாரு?" என்று ஹேட்டி கேட்கிறாள். சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் மனைவி