இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

தாமுவே, யங்கோன்
3.6.2024

சாந்தாவுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை, ஃபேஸ்புக்கிலும் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் மௌல்மேன் பேருந்தில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பிரிந்து பதினோரு வருடம் கழித்து எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைதான் காய்கிறது.

க்யிம்யிண்டைங்கில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் மாஹிர் என்பவன், "ஓவியர் வடிவேலின் அசல் பென்சில் படங்கள்" என்று ஒன்பது தாள்களை ஃபேஸ்புக்கில் விற்கிறான். நம் படகுக்காரன் சித்திரக்கதையின் பக்கங்களாம். மூடிப்போன அச்சகத்தின் பரணில் கிடைத்தனவாம். கரண்டு வருவதே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் எனக்கு இதே வேலை. "சயா, இது அசலா? சயா, இந்த மூக்கு உங்கள் மூக்கா?" முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னை வாத்தியாராக்கிக் கேட்கிறார்கள்.

ஆறு தாள்கள் போலி என்று ஃபேஸ்புக்கிலேயே எழுதிவிட்டேன். நிழலுக்கு நான் போடும் கோடு வலப்பக்கம் சாயும் என்பது உனக்குத் தெரியும். இவற்றில் எல்லாக் கோடும் இடப்பக்கம் சாய்கிறது. பொய்யைச் செய்கிறவன் அதையாவது பார்த்துச் செய்யக் கூடாதா?

அவன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். அந்தக் கதைக்கெல்லாம் என் பென்சில் கோட்டின் மேல் மை போட்டவள் நீ. படங்களை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, போலி என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வடிவேல்

---

மௌல்மேன்
19.6.2024

வணக்கம்.

பதினோரு வருடத்தில் ஒரு கடிதம் வந்தது, அதிலும் மூக்கும் கோடும்தான். இருக்கட்டும்.

படங்களைப் பார்த்தேன். ஒன்றுகூடப் போலியில்லை. மூன்று நீங்கள் வரைந்தவை, ஆறு நான் வரைந்தவை.

தொண்ணூற்றொன்பதில் தாமுவே பஜார் முன்னால் பஸ் படியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டீர்கள். மூன்று மாதம் கட்டு. மாத இதழ் நிற்கக் கூடாதென்று நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கதை சொன்னீர்கள். நான் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். நான் இடக்கைக்காரி. என் கோடு இடப்பக்கம்தான் சாயும்.

இது உங்களுக்கு உண்மையாகவே மறந்துவிட்டதா? மறந்திருந்தால் டாக்டரிடம் போங்கள். மறக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாந்தகுமாரி

---

தாமுவே
2.7.2024

சாந்தா,

நீ உதவி செய்தாய், இல்லையென்று எப்போது சொன்னேன்? கதை என்னுடையது. படகுக்காரன் என்னுடையவன். சொல்லச் சொல்லப் போட்டதை 'வரைந்தேன்' என்கிறாயே.

நவம்பரில் இங்கே ஒரு கூடத்தில் என் படங்களை வைக்கப்போகிறார்கள். அந்த மூன்று மாதப் பக்கங்களைத்தான் பெரிதாக்கி முன்சுவரில் மாட்டுகிறார்களாம், அவைதான் எல்லோருக்கும் பிடிக்குமாம். இந்த நேரத்தில் நான் போய் என்ன சொல்வது? உன்னிடம் கேட்டது இரண்டு வரி. அதற்கு ஒரு வழக்கையே எழுதி அனுப்பியிருக்கிறாய்.

போலி என்று எழுதிக் கொடுத்துவிடு. யாருக்கும் நஷ்டமில்லை.

வடிவேல்

---

மௌல்மேன்
16.7.2024

வணக்கம்.

நஷ்டம் இருக்கிறது. மாஹிர் எனக்கும் எழுதியிருக்கிறார். இதழின் பழைய பிரதியில் மை போட்டவர் என்று என் பெயர் சின்ன எழுத்தில் இருந்ததாம், அதை வைத்து விசாரித்துத் தேடியிருக்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவரைக் கள்ளன் என்கிறார்களாம். கடைக் கதவில் யாரோ கரியால் அப்படியே எழுதியும் வைத்தார்களாம். அவர் மனைவி ஷிரின், பள்ளிவாசல் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டாராம். அந்த மனிதர் செய்த ஒரே தப்பு, அசலை அசல் என்று சொன்னது.

அதனால் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவருக்கு. ஆறு படம் சாந்தகுமாரி வரைந்தது, மூன்று வடிவேல் வரைந்தது, நம்பர் வாரியாக. அவர் அதை ஃபேஸ்புக்கில் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

கோபத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அலுத்துப்போய்ச் செய்தேன்.

சாந்தகுமாரி

---

தாமுவே
25.8.2024

சாந்தா,

ஒரு மாதமாக உன் கடிதத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை க்யிம்யிண்டைங் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

மாஹிர் சண்டை போடவில்லை. நாற்காலி போட்டார். "சயா, படத்த போன்ல பார்த்தே போலின்னுட்டீங்க. கடைக்கு ஒருக்கா வந்து தாள தொட்டுப் பார்த்திருக்கலாம்ல?" என்றார். நீ எழுதிக் கொடுத்ததை அவர் யாரிடமும் காட்டவில்லை. "அம்மா எழுதுனத வச்சு ஒங்கள நாலு பேருக்கு முன்னால நிறுத்த எனக்கு மனசு வரல" என்றார். நான் அவரை ஊருக்கே முன்னால் நிறுத்தியவன்.

தாள்களை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் விரல் வைத்தால் உன் கோடுகள் தட்டுப்படுகின்றன. அவ்வளவு அழுத்தி வரைந்திருக்கிறாய்.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. கட்டுப் பிரித்த பிறகு, நீ சந்தைக்குப் போகும் நேரத்தில், உன் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினேன். படகுக்கடியில் நீ வரைந்த அந்தத் தண்ணீர் என் கைக்கு வரவே இல்லை. அந்தக் கதைக்குப் பரிசு கொடுத்தபோது மேடையில் உன் பெயரைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். நீ கீழே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

நேற்று எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் எழுதிப் போட்டுவிட்டேன். மாஹிரிடம் மன்னிப்புக் கேட்டும், உன் பெயரைச் சொல்லியும். விழுந்த திட்டை எண்ணவில்லை. கூடத்துக்காரர்கள் கண்காட்சி வேண்டாமென்றுவிட்டார்கள்.

உன் ஆறு தாள்களை உன்னைக் கேட்காமல் விற்க மாட்டேன் என்கிறார் மாஹிர். பேருந்தில் அனுப்பவா?

வடிவேல்

---

மௌல்மேன்
9.9.2024

வணக்கம்.

நீங்கள் போட்டதைப் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் போனில் காட்டினாள். இரண்டு தடவை படித்தேன்.

ஐந்து தாள்களை மாஹிர் விற்கட்டும், யார் வரைந்தது என்று சொல்லி. படகுக்காரன் மனைவி தனியாகத் துடுப்புப் போடும் பக்கத்தை மட்டும் எனக்கு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காட்சியை நீங்கள் சொல்லவே இல்லை. நீங்கள் தூங்கிவிட்டீர்கள், நானாக வரைந்தேன்.

பேருந்தில் அனுப்ப வேண்டாம், தாள் கசங்கிவிடும். டிசம்பர் லீவில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். தாமுவே வீட்டுக்கு வர மாட்டேன், அதை எதிர்பார்க்க வேண்டாம். லீவின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாஹிர் கடையில் இருப்பேன்.

நீங்களும் வரலாம்.

சாந்தா