கடலுக்குப் போன தகர மயில்

ஷாதிபூர், போர்ட் பிளேர்
12-3-1964

அன்புள்ள மாப்பிள்ளை அழகேசனுக்கு, அத்தான் ராஜமாணிக்கம் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம்.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். பழனியில் நீ வாங்கிவந்து என் சட்டையில் குத்திவிட்டாயே, வேலும் மயிலும் போட்ட தகர பேட்ஜ், அது வங்காள விரிகுடாவுக்குள் கிடக்கிறது. கப்பல் கம்பியைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தபோது, மெட்ராஸ் ஹோட்டல் இட்லிக்குத் துணையாக அதுவும் போய்விட்டது.

அந்தத் தகரத்துக்கு இங்கே உள்ள மரியாதை உனக்குத் தெரியாது. மெயின்லாண்ட் போய்க் கோயில் பார்த்தவன் ஒரு வாரமாவது அதைக் குத்திக்கொண்டு திரிய வேண்டும். தெருவே வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அது இல்லாதவன் மெட்ராஸில் சினிமா பார்த்துவிட்டு வந்தவன். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்கூட என் சட்டையை உற்றுப் பார்த்து, அடையாளத்தைக் காணோமே அண்ணா என்று, "நிஷான் கஹாங், தாதா?" என்று கேட்டுவிட்டாள்.

மொட்டையைக் காட்டலாமே என்பாய். அடிவாரத்தில் அந்த நாவிதர் என் காதோரத்து நாலு முடியைத் தேடி எடுத்துவிட்டு, "மத்ததை முருகன் முன்னாடியே வாங்கிட்டாருங்களே" என்று சிரித்தாரே! அந்த நாலும் கப்பலிலேயே முளைத்துவிட்டன. விபூதி, பஞ்சாமிர்தம் காட்டினால், அதெல்லாம் மெட்ராஸிலேயே கிடைக்கும் என்கிறாள் உன் அக்காள் மரகதம்.

அவளிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். மகள் இந்திராணிக்கு ஒரு குழந்தை தங்கினால் மலையேறிக் கும்பிடுவதாக வேண்டுதல். வேண்டிக்கொண்டது மரகதம், ஏற வேண்டியது நான், என்ன நியாயமோ! இப்போது பெண்ணுக்கு ஏழாம் மாதம். "சாமிக்குப் பாக்கி வச்சுட்டு எம் பொண்ணு கையில வளையல் ஏத்த மாட்டேங்க" என்று ஒரே பிடிவாதம். வளையல் பெட்டி அலமாரியில் இருக்கிறது. இந்திராணி அவ்வப்போது திறந்து பார்க்கிறாள், மூடிவிடுகிறாள்.

சொக்கலிங்கம் வாத்தியார் சமாதானம் பேச வந்தார். அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் இதே கூத்துதானாம். யாத்திரை போனவர்கள் ஈயத்தில் வார்த்த சின்னத்தைத் தொப்பியில் தைத்துக்கொண்டு திரும்புவார்களாம். சாவி என்றால் ரோமாபுரி, சிப்பி என்றால் ஸ்பெயினில் ஒரு புனிதர் கல்லறை. அவற்றில் நிறைய இன்றைக்கு ஆற்றுச் சேற்றில் கிடைக்கின்றனவாம்; பத்திரமாக வந்து சேர்ந்ததற்குக் காணிக்கையாக அவர்களே எறிந்திருக்கலாமாம். "உங்க வீட்டுக்காரரும் கடலுக்குக் காணிக்கை குடுத்திருக்கார்மா" என்று சொல்லி, என் சட்டைக்கு ஒரு சிப்பியும் கொடுத்தார்.

"காணிக்கைய வாந்தியோடயா சார் குடுப்பாங்க?" என்றாள் உன் அக்காள். சிப்பி இப்போது உப்பு ஜாடியில் கரண்டியாக இருக்கிறது.

ஆகவே அடுத்த கப்பலில் வருகிற யாரிடமாவது இன்னொரு பேட்ஜ் கொடுத்தனுப்பு. பளபளப்பு வேண்டாம், கொஞ்சம் கறுத்ததாகப் பார்; கடலில் விழவில்லை, பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். நேற்றிலிருந்து வேறொரு கேள்வியும் கிளம்பியிருக்கிறது: அன்று சாமிக்கு என்ன அலங்காரம், ராஜாவா, ஆண்டியா? கூட்டம், சரியாகப் பார்க்க முடியவில்லை என்று மழுப்பியிருக்கிறேன். அதை எனக்கு உடனே எழுது.

குழந்தை பிறந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். இப்போதே தினமும் விடியலில் ஷாதிபூர் மேட்டை ஏறி இறங்கிப் பழகுகிறேன். முழங்கால் கத்தினாலும் விடுவதில்லை. முருகன் உன்னை நன்றாக வைக்கட்டும். என்னைக் காப்பாற்றும் வேலையை மட்டும் நீ எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ராஜமாணிக்கம்

பி.கு.: அலங்காரத்தை மறந்துவிடாதே. அடிவாரத்து டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் அது தெரியவில்லை.