யார் தைத்த கோட்?

2023 ஒக்டோபர் 11

விண்ணப்பங்கள் நூற்று எண்பத்தேழு. கண் எரிகிறது. எல்லாரும் கேள்வி எழுப்புகிறார்கள், எல்லாரும் எல்லைகளை உடைக்கிறார்கள். உடுப்பைத்தான் காணவில்லை.

‘நியூ ஹாண்ட்ஸ்’ திட்டத்தில் எனக்கு இது நான்காவது வருடம். பிரித்தானியாவில் புதிதாகத் தலைகாட்டும் ஆடை வடிவமைப்பாளர்களில் ஆறு பேரைத் தெரிவுசெய்து, வேலைசெய்ய ஒரு ஸ்டூடியோவும் உதவிப்பணமும் கொடுத்து, பெப்ரவரியில் மேடையேற்றிவிடுவது எங்கள் வேலை.

பின்னேரம் ஒரு விண்ணப்பத்தில் நின்றுவிட்டேன். பழைய பள்ளிக்கூட பிளேசர்களைப் பிரித்து வெட்டிய நீளக் கோட்டுகள். தோளில் தையலே இல்லை. முதுகும் கைகளும் ஒரே துண்டு. பத்து வருடம் உடுப்புக் கம்பனிகளின் சாம்பிள் அறைகளில் கடதாசிப் பாட்டர்ன் வெட்டியவள் நான். எப்படி வெட்டியிருப்பார்கள் என்று கடதாசியில் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. மூன்று தரம் போட்டும் வரவில்லை.

பெயர் யனுஷன். வயது இருபத்தாறு. இடம் லண்டனில் சட்டன். தமிழ்ப் பெடியன்! சந்தோஷம். அடுத்த நிமிடம் ஒரு யோசனை: ஒபிசில் நான் ஒருத்திதான் தமிழ். என்ன நினைப்பார்கள்?

ஒக்டோபர் 24

நேர்முகம். யனுஷன் நல்லாய்க் கதைத்தான். அந்த பிளேசரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தனியாக நின்ற நாட்களைப் பற்றிச் சொன்னபோது ஹெலனின் கண் கலங்கிவிட்டது. ஹெலன் எங்கள் இயக்குநர். சுலபமாகக் கலங்குகிற ஆள் இல்லை.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். முதுகுத் துண்டைத் துணியின் குறுக்கே சரித்து வெட்டியது ஏன்?

“அது தானா வந்தது” என்றான்.

தானாக வராது. அப்படி வெட்டினால் துணி இழுபடும். தெரிந்து, யோசித்து, இரண்டு மூன்று பிளேசரைப் பழுதாக்கிய பிறகுதான் வரும்.

என்றாலும் முழுப் புள்ளி போட்டேன். கோட்டைக் கையில் தூக்கிப் பார்த்த பிறகு வேறு என்ன போட?

வெளியே வரும்போது ஹெலன் மெதுவாகக் கேட்டார்: “மேரி, இவர் உங்களுக்குச் சொந்தமா?” இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது.

நவம்பர் 9

ஹக்னி விக்கில் ஆறு பேருக்கும் ஸ்டூடியோக் கதவின் திறப்பைக் கையில் கொடுத்தோம். யனுஷன் எல்லாருக்கும் முன்னால் “தாங்க்ஸ் அக்கா” என்று விட்டான். ஒபிசில் மேரி என்று கூப்பிடுங்கோ தம்பி என்றேன். முகம் சிவந்துவிட்டது.

இரவு, கொண்டுவர வேண்டிய சாமான்களைத் தமிழில் எழுதி அனுப்பினேன். பதில் ஆங்கிலத்தில்: கதைப்பேனாம், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதாம்.

நவம்பர் 28

மற்ற ஐந்து ஸ்டூடியோவிலும் நிலமெல்லாம் நூலும் வெட்டுத்துண்டும். யனுஷனுடையது ஆஸ்பத்திரி போல் இருந்தது. விளிம்பு தைக்கிற ஓவர்லொக் மெஷினில் நாங்கள் மாட்டிக் கொடுத்த அதே வெள்ளை நூல். அவனுடைய துணியெல்லாம் கடும் நீலமும் கறுப்பும்.

வீட்டில்தான் வேலை ஓடுது என்றான். சிலருக்கு அப்படித்தான். ஓம், சிலருக்கு.

டிசம்பர் 6

மொடல் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம். வலது தோள் இழுத்தது. ஊசி குத்திச் சரிசெய்யச் சொன்னேன். ஊசிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றைப் பிடித்தான். தையற்காரர் பிடிக்கிற மாதிரி இல்லை; கடையில் புதுச் சேட்டை மடித்து ஊசி குத்துகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி. போன் எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தான்.

“வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வாறன்.”

டிசம்பர் 7

கொண்டுவந்தான். தோள் தண்ணீர் மாதிரி விழுகிறது. ஒரே இரவில்!

ஆர் செய்தது?

டிசம்பர் 8

அவன் சாப்பிடப் போன நேரம் கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

உட்பக்கத் தையல் விளிம்பில் வெள்ளைப் பென்சிலால், சின்னதாக, தமிழில்: “வலது தோள் — 2 நூல் இறக்கு.”

அங்குலத்தில் எட்டில் ஒன்றை நூல் என்று சொல்வது தையற்காரர் கணக்கு. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத பெடியனின் கோட்டில் அது எப்படி வந்தது?

காசுக்கு யாரிடமோ தைப்பிக்கிறான். தையல் மட்டும் என்றால் பரவாயில்லை, எல்லாப் பெரிய ஆட்களும் செய்விக்கிறார்கள். ஆனால் வெட்டும் அவனுடையது இல்லை. யோசனையே அவனுடையது இல்லை. எங்கேயோ ஒருத்தரின் வேலையைக் களவெடுத்துக்கொண்டு வந்து, ஹெலனை அழவைத்திருக்கிறான். முழுப் புள்ளி போட்டது நான்.

டிசம்பர் 12

இரவு கணவரிடம் சொன்னேன்; இவருக்கு நான் சாந்தி. “நீர் எல்லாரையும் சந்தேகப்படுறீர், சாந்தி. ஒரு தமிழ்ப் பிள்ளை முன்னுக்கு வந்தால் விடுமன்” என்றார்.

அதனால்தான் விட ஏலாது என்று எப்படி விளங்கப்படுத்துவது? வேறு யாரும் பிடிபட்டால் அது அவர்கள் பிழை. இவன் பிடிபட்டால் அது என் பிழை.

வேறொரு கேள்வியும் இருக்கிறது. உடுப்பில் என் சொந்தப் பெயர்ப்பட்டி வேண்டும் என்று இருபத்தைந்து வயதில் ஆசைப்பட்டவள் நான். எரிச்சலோ இது? தெரியவில்லை.

டிசம்பர் 16

சவுத்தாலுக்குப் போய், மூன்று தமிழ்த் தையல்கடைகளில் போனில் இருந்த கோட்டின் படத்தைக் காட்டி, இது இங்கே தைத்ததோ என்று கேட்டேன். மூன்றாவது கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக் கனநேரம் பார்த்தார். “இதைத் தைக்கிற ஆள் என்னட்டை இருந்தா நான் ஏன் ஜீன்சுக்கு ஸிப் மாத்திக்கொண்டு இருக்கிறன்?” என்றார்.

வெட்கமாக இருந்தது. நான் என்ன பொலிசோ?

2024 ஜனவரி 9

ஒரு சஞ்சிகையில் யனுஷனின் படம். “இந்தக் கைகள் மட்டும்தான் என்னிடம் இருந்தன” என்று தலைப்பு. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு ஊசித் தழும்பு இல்லை.

ஹெலன் அதைச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 20

ஒழுங்காக எழுதவேண்டும்.

விம்பிள்டனில் ரயில் எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் சட்டனுக்குப் போனேன். விண்ணப்பத்தில் இருந்த விலாசம். மணியை அடித்தேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. கனநேரம் ஒருவரும் வரவில்லை. திரும்ப அடித்தேன். சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பெண் பார்த்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அளவுநாடா.

என் கழுத்தில் ஒபிஸ் அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுடைய முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது.

“ஹோம் ஒபிசோ?” குடிவரவு ஆட்கள் என்று நினைத்துவிட்டாள்.

“இல்லை. நான் மேரிசாந்தி. யனுஷன்ர புரோகிராமில இருந்து வாறன்.”

தமிழ் கேட்டும் சங்கிலியை எடுக்கவில்லை. “ஆர் அனுப்பினது? ஏன் சொல்லாமல் வந்தனீங்கள்?” — கேள்வி கேட்க வந்தது நான், கேட்டது அவள். கடைசியில், வலது தோளில் இரண்டு நூல் இறக்கினது நீங்களோ என்றேன். அதற்குப் பிறகுதான் திறந்தாள்.

பெயர் தயாளினி. யனுஷனின் பெரியம்மாவின் மகள். இலங்கையிலிருந்து 2019இல் வந்தவள். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், அப்பீல் நடக்கிறது. வேலைசெய்ய அனுமதி இல்லை. இருப்பறை முழுக்க, பழைய உடுப்பு விற்கிற சரிட்டிக் கடைகளில் வாங்கிப் பிரித்த பிளேசர்கள். சாப்பாட்டு மேசையில் கடதாசிப் பாட்டர்ன். குனிந்து பார்த்தேன். ஒக்டோபரில் எனக்கு வராத அந்த முதுகு. இவ்வளவுதானா என்று தோன்றியது, அவ்வளவு எளிது, அவ்வளவு கெட்டித்தனம்.

“நான் ஒரு பென்ஸ் வாங்கேல்லை அக்கா. கர்த்தர் மேல சத்தியம். தைக்காமல் இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும். அதுதான் தைச்சனான். அவன் படம் எடுத்ததும் தெரியாது, அனுப்பினதும் தெரியாது. கிடைச்ச பிறகுதான் வந்து சொன்னவன்.”

அந்த நேரம் யனுஷன் கடைச் சாமான்களோடு உள்ளே வந்தான். என்னைக் கண்டதும் பை கையிலிருந்து நழுவியது.

“அக்கா, ப்ளீஸ். அவவுக்காகத்தான் செய்தனான். அவவின்ர பேரில அப்ளை பண்ண ஏலாது. ரைட் டு வேர்க், வேலைசெய்யிற அனுமதி கேட்பீங்கள். விசா கேட்பீங்கள். வேற என்ன வழி?”

“சஞ்சிகையில கையை நீட்டினதும் அவவுக்காகவோ?”

அவன் குனிந்து சாமான்களைப் பொறுக்கினான். தயாளினிதான் சொன்னாள்: “அவனை ஏசாதேங்கோ. என்ர கோட்டு ஒருக்கா அந்த மேடையில நடக்கட்டும். ஆற்ற பேரில எண்டாலும் பரவாயில்லை.”

ஜனவரி 21

நித்திரை இல்லை. அவள் சொன்னதெல்லாம் உண்மையா? இவன் அவளை வீட்டுக்குள் வைத்துப் பிழிகிறானோ? அவள் காசு வாங்கவில்லை என்றால், இதில் யாருக்கு லாபம்? அவன் முன்னால் வேறு எதைத்தான் சொல்லுவாள்?

ஜனவரி 22

பெயர் சொல்லாமல், தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். வீட்டில் தனக்காகத் தைத்தால் ஒன்றுமில்லையாம். உதவிப்பணம், விற்பனை, விளம்பரம் என்று வந்தால் அது தொழில். தன் பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவருக்கு மோசடிக் குற்றம், தைத்தவருக்கு அப்பீலில் கெடுதல். “மேடையேற முதல் நிப்பாட்டச் சொல்லுங்கோ. பிறகு நிப்பாட்ட ஏலாது.”

ஹெலனிடம் சொன்னால்? ஹெலன் கெட்டவர் இல்லை. ஆனால் காசு தருகிறவர்களுக்கு அறிக்கை எழுதவேண்டும். அறிக்கையில் பெயர் வரும். பேப்பர் எங்கே எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஜனவரி 24

யனுஷன் ஸ்டூடியோவில் நின்ற நேரம் பார்த்து, அன்று வாங்கி வந்த இலக்கத்தில் தயாளினிக்குத் தனியாகப் போன் செய்தேன். அவன் உங்களை வற்புறுத்துகிறானோ என்று நேராகவே கேட்டேன்.

சிரித்தாள். “அவனுக்கு என்னை வற்புறுத்தத் தெரியாது. நான்தான் அவனைப் பாடமாக்கி அனுப்புறனான். நீங்கள் முதுகைப் பற்றிக் கேட்டதுக்குப் பதில் தெரியாமல் வந்து என்னட்டை ஏச்சு வாங்கினவன்.”

யனுஷனைத் திட்டத்திலிருந்து விலகச் சொல்லுங்கோ என்றேன். அப்பீலுக்குக் கெடுதல் என்று காரணத்தையும் சொன்னேன்.

“உங்கட வேலை போயிடும் எண்ட பயம். அதுதானே?”

“அதுவும்தான்.”

“அப்ப என்ர நன்மைக்கு எண்டு சொல்லாதேங்கோ.” வைத்துவிட்டாள்.

சரியாகத்தான் சொன்னாள். எவ்வளவு எனக்காக, எவ்வளவு அவளுக்காக? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 26

யனுஷன் ஸ்டூடியோத் திறப்பைக் கொண்டுவந்து ஹெலனின் மேசையில் வைத்தான். வாங்கிய பணத்தை முழுக்கத் திருப்பிக் கட்டுவதாகக் கடிதம். காரணம்: குடும்பச் சூழ்நிலை. என்னைப் பார்க்காமல் போனான்.

ஜனவரி 30

ஹெலன் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நான் சட்டனுக்குப் போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டூடியோவில் இருந்த மற்றப் பிள்ளை ஒருத்தியிடம் யனுஷன் அழுதிருக்கிறான்.

“மூன்று வாரத்தில் ஷோ. நீங்கள் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள், ஒரு கிழமைக்குள் அவர் விலகுகிறார். என்ன நடந்தது, மேரி?”

“சொல்ல முடியாது.”

“சொந்தப் பகையா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நான் என்ன நினைக்கவேண்டும்?”

நினைக்கிறதை நினையும் என்று தமிழில் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். நாளையிலிருந்து நான் திட்டத்தில் இல்லை. இனி எனக்கு மண்டபம், அறை, கதிரை பதிவுசெய்கிற மேசை. மூன்று மாதமாக நான் யனுஷனைப் பார்த்த பார்வையால் இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

பெப்ரவரி 17

ஷோ. கதிரைகளில் பெயர் ஒட்டினேன். ஆறாவது இடத்தில் பிரிஸ்டல் பெண் ஒருத்தியின் பின்னல் உடுப்பு. நல்ல உடுப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.

யூன் 3

யனுஷனுக்கு இரண்டு தரம் செய்தி அனுப்பினேன். வாசித்திருக்கிறான். பதில் இல்லை.

நவம்பர் 19

இன்று மேசை இழுப்பறைக்குள் சட்டனிலிருந்து வந்த இரவு அந்த முதுகை நினைவிலிருந்து வரைந்த கடதாசியைக் கண்டேன். கிழித்துப் போட்டேன். அது என்னுடையது இல்லை.

2025 ஓகஸ்ட் 13

யனுஷனிடமிருந்து, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, ஆங்கிலத்தில் ஒரே வரி: தயாளினி அக்காவுக்கு விசா கிடைத்துவிட்டது.

ரயிலில் நின்றபடியே அழுதேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி டிஷ்யூ தந்தாள்.

நன்றி சொல்ல அனுப்பினானா, குத்திக்காட்ட அனுப்பினானா? புத்தி போகிற வழியைப் பார்!

ஒக்டோபர் 22

இந்த வருட நேர்முகங்கள். என் வேலை: அறையைத் திறந்து, ஆட்களை வரிசையில் இருத்தி, பட்டியலைக் கொடுப்பது. காலை பட்டியலைப் பிரதி எடுக்கும்போதுதான் பார்த்தேன். பதினொன்றே கால்: தயாளினி. ரைட் டு வேர்க்: உண்டு.

நேரே ஹெலனிடம் போனேன். “இந்த விண்ணப்பதாரரை எனக்குத் தெரியும். எழுதி வையுங்கள். இவர் இருக்கும் நேரம் நான் நேர்முக அறைக்குள் வரமாட்டேன்.”

ஹெலன் பட்டியலைப் பார்த்தார். விண்ணப்பத்தில் அதே முதுகோடு இருந்த கோட்டுகளின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னை. “எழுதிக்கொள்கிறேன்” என்றார். அவருடைய குரல் கொஞ்சம் தாழ்ந்து இருந்தது.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். தனியாக. மடியில் பெரிய உடுப்புப் பை. என்னைக் கண்டு எழும்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஒரு கதிரை விட்டு இருந்தேன்.

“பயமாக் கிடக்கோ?”

“ஓம்.” மடியில் பையைச் சரிசெய்துவிட்டு, “நீங்கள் உள்ளுக்கு இருப்பீங்களோ?”

“இல்லை. எனக்கு ஏலாது. உங்களைத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன்.”

என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நம்புவதா என்று யோசித்திருப்பாள். அது அவளுடைய உரிமை.

“அதுதான் நல்லது” என்றாள்.

கதவு திறந்தது. புதிதாக வந்த பெண் பட்டியலைப் பார்த்து, “டே... டையா... டேயலைன்?” என்று தடுமாறினாள்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள்.

“தயாளினி” என்றாள். அந்தப் பெண் சரியாகச் சொல்லும்வரை வாசலிலேயே நின்று, இன்னொரு தரமும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

நான் படியிறங்கி, பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்களுக்குக் கதிரை போடப் போனேன்.