இடது என்று போட்டால் வலது

மார்ச் 3, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பு மேசைப் பெண் என் பெயர், வயது, எந்தக் கண் என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தாள். அந்தத் திரையில் ஓடுகிற புரோகிராம் முழுக்க என் பேத்தி செய்தது! வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேத்தி.

மார்ச் 5, வியாழன்

மனசே சரியில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவருக்கு இடது கண்ணில் ஆபரேஷன். கம்ப்யூட்டரில் வலது என்று இருந்ததாம். மயக்க ஊசிக்கு முன்னால் டாக்டர் கவனித்ததால் தப்பித்தார். இந்த மாதிரி இது மூன்றாவது தடவை. பழி மேசைப் பெண் மேல். திங்கட்கிழமையோடு அவளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள்.

பேத்தியைக் கேட்டேன். "நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன் பாட்டி. இடதுன்னு போட்டா இடதுதான் நிக்குது. அந்தக்கா கவனமில்லாம அமுக்கியிருக்காங்க."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

இருக்குமா?

மார்ச் 7, சனி

சொட்டு மருந்து தீர்ந்தது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போய், மேசையை ஒட்டி உட்கார்ந்தேன். அழுது அழுது அந்தப் பெண்ணின் முகமே வீங்கியிருந்தது. "நான் சரியாத்தான்மா போடறேன். யாரு நம்புறா?"

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவள் 'எந்தக் கண்' என்ற பட்டியலைத் திறந்து 'இடது' என்று வைத்தாள். அடுத்த வரிகள் கீழே மறைந்திருந்ததால் மவுஸ் உருளையை உருட்டினாள். அவள் பார்வை கீழே ஓடிவிட்டது. நான் இன்னும் இ... ட... என்று அங்கேயே நிற்கிறேன் — என் கண்ணெதிரே அது 'வலது' ஆகிவிட்டது!

"அடியே, நில்லு!" கத்திவிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் வலது. உருட்டினால் பக்கம் நகர்வதற்குப் பதில், பட்டியல் நகர்ந்து இடது போய் வலது வந்து நிற்கிறது.

வழியெல்லாம் ஒரே யோசனை. என் பேத்தி செய்ததில் குறை என்று நானே எப்படிச் சொல்ல? சொல்லாமல் விட்டால் — அந்தப் பெண்?

சொன்னேன்.

"சும்மா இரு பாட்டி, உனக்கென்ன தெரியும்?"

சுருக்கென்றது. "ஒண்ணும் தெரியாதுதான்டி. பாத்ததச் சொல்றேன். அவ உருட்டுறா. நீ உருட்டிப் பாத்தியா?"

வெடுக்கென்று எழுந்து அறைக்குள் போனாள். அரை மணி நேரம் உள்ளே மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் திரை பெருசு பாட்டி. எல்லா வரியும் ஒண்ணாத் தெரியும். அந்த நூறு தடவையும் நான் உருட்டவே இல்ல."

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி மேலாளருக்குப் பேத்தியே போன் செய்தாள். "தப்பு என்னோடது சார். அந்தக்கா மேல ஒண்ணுமில்ல." நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 12, வியாழன்

ஆஸ்பத்திரி. மேசைப் பெண் அதே நாற்காலியில். உருட்டினால் இப்போது பக்கம் மட்டும் நகர்கிறது.

பேத்தி அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, காலையிலிருந்து அவள் கை போகிற இடத்தையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன தங்கச்சி, இப்படி முறைச்சுப் பாத்தா கண்ணு பூத்துடும். டாக்டருக்குச் சீட்டு போடட்டா? எந்தக் கண்ணு?"

"ரெண்டுமே போடுங்கக்கா" என்றாள் பேத்தி, குறிப்பிலிருந்து தலை நிமிராமல்.