பொட்டிக்குள் குரைத்தது என்று நினைத்தேன்

நேற்றுச் சாயந்தரம் நம் மகன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் போனை நீட்டினான்.

"அம்மா, இதைப் பாருங்க. நான் கைக்கொழந்தையா இருந்த வருசம் இங்கிலாந்து டிவில ஒரு சனிக்கெழம பூரா என்னென்ன ஓடுச்சுன்னு யாரோ வரிசையா எழுதி வெச்சிருக்காங்க."

அவனுக்கு அது வேடிக்கை. பகல் ஒரு மணிக்குக் குதிரைப் பந்தயம், நாலு மணிக்கு மல்யுத்தம், பிறகு கால்பந்து முடிவுகள் என்று படித்துக்கொண்டே போனான். அதற்கடுத்து விண்வெளித் தொடர் என்றதும் அவன் போனைக் கையால் மூடினேன். "போதும் சாமி, நிறுத்து" என்றேன். அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதை இப்போது எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் அன்றைக்கும் சனிக்கிழமை. வாசல் முழுக்கப் பனி. ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போது, முந்தைய வாரம் வாடகைக்கு எடுத்து வந்திருந்த டிவியை நீங்களே போட்டுவிட்டீர்கள். "பையன் தூங்குனா இதைப் பாத்துக்கிட்டு இரு புள்ள. பேச்சுச் சத்தம் இருந்தா பயந் தெரியாது. ஆறரைக்கெல்லாம் வந்தர்றேன்" என்றீர்கள். நம் ஊர் புதுச்சத்திரத்தை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது எனக்கு. தெரிந்த இங்கிலீஷ் தாங்க்யூவும் சாரியும்தான். ஆளில்லாத நேரத்தில் அந்த வீட்டு மரப்படி தானாக முனகும். அதற்காகவே டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

குதிரைகள் ஓடின. கனத்த இரண்டு ஆட்கள் ஒருவரையொருவர் தூக்கி அடித்துக்கொண்டார்கள். காலையிலிருந்தே பையனுக்கு லேசாகச் சளி. மூன்று மணிக்குப் பால் கொடுத்து, பின்னறையில் படுக்கவைத்து, குளிர் புகாமல் கதவைச் சாத்தியிருந்தேன். நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஒருவர் ஊர் ஊராகப் பெயர் சொல்லி எண்களை வாசித்தார். பிறகு அந்தத் தொடர் வந்தது. முதலில் ஊளை மாதிரி ஓர் இசை. இருண்ட சுரங்கத்துக்குள் இரும்பாலான ஏதோ ஒன்று நகர்ந்தது. சிறு பிள்ளைகள் பார்க்கிற தொடராம். நானோ போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் குரைப்பு கேட்டது. நாய்க்குட்டி குரைப்பதுபோல, ஆனால் கரகரவென்று. சுரங்கத்து ஜந்துதான் கத்துகிறது என்று நினைத்தேன். எழுந்து நிறுத்தலாம் என்றால் டிவிப் பொட்டியின் பக்கத்தில் போகவே பயம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தெரியாது. திடீரென்று அந்தக் காட்சியில் எல்லாச் சத்தமும் நின்றது. குரைப்பு மட்டும் நிற்கவில்லை. அது பின்னறையிலிருந்து வந்தது.

கதவைத் திறந்தால், பையன் தொட்டிலில் வாய் திறந்து கிடக்கிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போகிறது. உதட்டைச் சுற்றி நீலம். அவனைச் சால்வையில் சுருட்டிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் பனியில் ஓடினேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன், அடுத்த வீட்டைத் தட்டினேன். எல்லாத் திரைச்சீலைக்குப் பின்னாலும் அதே நீல வெளிச்சம், அதே ஜந்துவின் சத்தம். ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆராச்சும் வாங்களேன்!" என்று தமிழில் கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஊளை இசை மறுபடி ஒலித்து, தொடர் முடிந்தது. அந்த ஊர்க்காரர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் டீ போட எழுவார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தெருவில் வரிசையாகச் சமையலறை விளக்குகள் எரிந்தன. பக்கத்து வீட்டுக் கிழவி கதவைத் திறந்தார். அதுவரை நம்மிடம் ஒரு வார்த்தை பேசாதவர். பையனின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டார். என் கையிலிருந்து அவனைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார். இருந்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் கொதிக்க வைத்து, சன்னலைச் சாத்தி, அறை முழுக்க ஆவி ஆக்கினார். அவனை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி நடந்தார். நான் தரையில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்குகிறதா என்று.

நீங்கள் வந்தபோது அவன் அழ ஆரம்பித்திருந்தான். அழுகை நல்லது என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் நெஞ்சில் காதை வைத்தபடியே கேட்டீர்கள்.

"எப்பருந்து புள்ள இப்பிடி இருமறான்?"

"இப்பத்தானுங்க. கேட்டவொடனே தூக்கிட்டு ஓடியாந்தேன்."

பொய். கேட்டவுடனே ஓடவில்லை. கேட்டுக்கொண்டே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை டிவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "ஊட்ல சத்தங் கொறைச்சலா இருக்கட்டும் சாமி" என்றீர்கள். ஊர் திரும்பிய பிறகு நாமக்கல்லில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "இவ டிவியில பேயப் பாத்துட்டுப் பனியில ஓடுனவ" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பையனின் மூச்சுத் திணறலைப் பற்றி எவரிடமும் சொன்னதில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் மறைத்தீர்களா? ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தும் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அட, நாந்தான் நல்லா இருக்கறேனே, இதுக்கு இன்னுமா பயப்படறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் பக்கத்து அறையில் யாராவது இருமினால் நான் ஓடுகிற ஃபேனை நிறுத்திவிடுகிறேன். அடுத்த மூச்சு கேட்கும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுப்பதில்லை.