மஞ்சள் டேப்

சனிக்கிழமை ராத்திரி

நாளைக்கு எங்க டான்ஸ் கிளாஸ் நிகழ்ச்சி. இன்னிக்கு மேடையில கடைசி ஒத்திகை. எனக்கு இதுதான் முதல் மேடை, அதுவும் டான்ஸ் மாஸ்டர் பிரவீனோட ஜோடியா. என்னைவிடச் சின்னவன், அக்கான்னுதான் கூப்பிடுவான்.

பாட்டு முடியறப்ப ரெண்டு பேரும் ஓடி வந்து, பாதியில பிரிஞ்சு, நான் மட்டும் போய் மேடை விளிம்புல நிக்கணும். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நின்னுட்டேன். "இன்னாக்கா பயம்?"னு கேட்டான். பயமெல்லாம் இல்ல. அப்புறம்தான் கீழ பாத்தேன். ஜோடி பிரியற இடத்துல அடையாளத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டியிருந்தான். நான் வேலை பாக்கற கம்பெனில மஞ்சக் கோட்டைத் தாண்டினா ரோபோ நின்னுடும், லைனே நின்னுடும், சூப்பர்வைசர் ஓடி வருவார். என் காலுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பிரவீனும் சிரிச்சுக்கினே, "உங்க கம்பெனில எந்தக் கலர் மேல நடக்கலாம்?"னு கேட்டான். பச்சைன்னேன். வண்டிய எடுத்துக்கினு போய்ப் பச்சை டேப் வாங்கியாந்து, முட்டி போட்டு விளிம்பு வரைக்கும் ஒட்டினான். அடுத்த தடவை போய்ச் சேந்துட்டேன்.

வூட்டுக்கு வந்து வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரும் லைன்ல வேலை பாக்கறவர்தான். மனுஷன் சிரிக்கவே இல்ல. சாப்பிட்டுக்கினே, "பின்ன, அதை யாராவது தாண்டுவாங்களா?"ன்னார்.

நாளைக்கு அவருக்கு ஓவர்டைம் இருக்கு. வருவீங்களான்னு கேக்க வாய் வரல. இப்ப லைட்ட அணைக்க எழுந்தப்பதான் பாத்தேன். கதவுல அவரோட இஸ்திரி போட்ட சட்டை ஒண்ணு தொங்குது. யூனிஃபார்ம் இல்ல.